சுருதிப் புலனுணர்வு

சுருதிப் புலனுணர்வு என்பது, காதில் விழும் ஓர் ஒலி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை உணர்ந்தறியும் திறனைக் குறிக்கும். உரப்பு, ஒலிப்பண்பு ஆகியவற்றுடன் சேர்த்து, ஒலி பற்றிய மூன்று அடிப்படை உணர்வுகளுள் ஒன்றாகச் சுருதி கொள்ளப்படுகின்றது. ஆண் குரலையும் பெண் குரலையும் பிரித்தறிவதும், பாடலின் மெட்டை இனங்காண்பதும், பலர் பேசும் கூடத்தில் ஒருவரின் குரலை மட்டும் பின்தொடர்வதும் பெருமளவுக்கு இத்திறனையே சார்ந்துள்ளன.

சுருதி அதிர்வெண்ணைப் பொறுத்தது எனப் பள்ளிப் பாடநூல்கள் ஒரு வரியில் கூறுவது வழக்கம். இது பிழையன்று, எனினும் முழுமையானதும் அன்று. அதிர்வெண் என்பது கருவி கொண்டு அளக்கத்தக்க ஓர் இயற்பியல் அளவு. சுருதியோ கேட்பவரின் மூளையில் தோன்றும் ஓர் உணர்வு. ஒலியலையில் அறவே இல்லாத ஓர் அதிர்வெண்ணுக்குரிய சுருதி தெளிவாகக் கேட்பதுண்டு. இது ஆய்வுக்கூடங்களில் மட்டும் காணப்படும் விந்தையன்று. தொலைபேசியில் ஆண் குரலைக் கேட்ட ஒவ்வொருவரும் அறியாமலேயே இதனை அனுபவித்திருக்கின்றனர்.

கருநாடக இசையில் சுருதி என்னும் சொல் பாடகரின் ஆதார சுருதியையும், ஒரு ஸ்தாயியை 22 ஆகப் பகுக்கும் நுண்ணிடைவெளிகளையும் குறிக்கின்றது. இக்கட்டுரையில் அச்சொல் இயற்பியல் நூல்களில் வழங்கும் பொதுப்பொருளில், அதாவது ஒலியின் ஏற்றத்தாழ்வு என்ற பொருளில் மட்டுமே ஆளப்படுகின்றது.

அதிர்வெண்ணும் சுருதியும்

இசைக்கவையைத் தட்டினால் எழும் ஒலி ஏறத்தாழ ஒரே ஓர் அதிர்வெண்ணைக் கொண்டது. இத்தகைய தனிச்சுரங்கள் இயற்கையில் அரிது. வீணைத் தந்தி ஒன்று விநாடிக்கு 200 முறை அதிரும்போது, அதே தந்தி 400, 600, 800, 1000 ஹெர்ட்ஸ் என்னும் மடங்குகளிலும் உடன் அதிர்கின்றது. 200 ஹெர்ட்ஸ் என்பது அடிப்படை அதிர்வெண். அடிப்படையும் அதன் முழு எண் மடங்குகளும் சீரிசைகள் எனப்படும். மனிதக் குரல், புல்லாங்குழல், நாதஸ்வரம் ஆகிய அனைத்திலும் இவ்வாறே சீரிசைகள் அடுக்காக அமைந்துள்ளன. இவற்றின் வலிமை விகிதமே வீணையையும் குழலையும் வேறுபடுத்தும் ஒலிப்பண்புக்குப் பெருங்காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காதை அடைவது பத்துப் பதினைந்து அதிர்வெண்கள். ஆனால் கேட்பவர் பத்துச் சுரங்களைக் கேட்பதில்லை. ஒரே சுரத்தையே கேட்கின்றார். பலவற்றை ஒன்றாக்கும் இந்தப் பணியை யார் செய்வது, எங்கே செய்வது என்பதே சுருதி ஆய்வின் முதன்மைக் கேள்வி.

இளம் வயதினர் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க இயலும் என்று சொல்லப்பட்டாலும், மெட்டாக உணரத்தக்க சுருதி ஏறத்தாழ 4000 முதல் 5000 ஹெர்ட்ஸ் அளவிலேயே முடிந்துவிடுகின்றது. அதற்கு மேற்பட்ட ஒலிகள் கேட்கும், கூர்மையாகவும் இருக்கும், ஆனால் அவற்றைக் கொண்டு இசைத்த மெட்டை அடையாளம் காண்பது மிகக் கடினம். பியானோவின் கடைசிக் கட்டை 4186 ஹெர்ட்ஸ் அளவில் நிற்பது இதனோடு பொருந்துகின்றது.

அதிர்வெண் இரட்டிக்கும்போது சுருதி ஒரு ஸ்தாயி உயர்கின்றது. 240 ஹெர்ட்ஸில் சட்ஜம் நின்றால் மேல் ஸ்தாயிச் சட்ஜம் 480 ஹெர்ட்ஸிலும், அதற்கும் மேலுள்ளது 960 ஹெர்ட்ஸிலும் நிற்கும். ஆகவே காது கணிப்பது வேறுபாட்டை அன்று, விகிதத்தை. 1000 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் வேறுபாட்டையே பயிற்சி பெற்ற காது கண்டுபிடித்துவிடும்.

காதில் நிகழ்வது

புறக்காது வழியே வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கின்றது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுருண்டிருக்கும் உறுப்பு காக்ளியா ஆகும். திரவம் நிரம்பிய இக்குழலின் நெடுகிலும் அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய சவ்வு செல்கின்றது. சுருளை நீட்டி வைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர்.

இச்சவ்வு எங்கும் ஒரே தன்மை உடையதன்று. அங்கவடிக்கு அருகே அது குறுகி விறைப்பாகவும், சுருளின் உச்சியை நோக்கிச் செல்லச் செல்ல அகன்று தளர்வாகவும் உள்ளது. ஆகையால் உயர் அதிர்வெண்கள் தொடக்கப் பகுதியையும், தாழ் அதிர்வெண்கள் உச்சிப் பகுதியையும் மிகுதியாக அசைக்கின்றன. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்ட நூலில், சவ்வின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனித் தந்தி போல ஒத்ததிர்வு கொள்வதாகக் கருதினார். அங்கேரியரான கியார்க் வான் பெகேசி 1920-களின் பிற்பகுதியில், புடாபெஸ்ட் நகரில் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றியபோது இதனை நேரில் காண முனைந்தார். இறந்தோரின் காக்ளியாவைத் திறந்து, வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் கீழ் நுண்ணோக்கியால் நோக்கினார். தனித்தனித் தந்திகள் அங்கே இல்லை. தொடக்கத்திலிருந்து உச்சியை நோக்கி ஓர் அலை ஓடுவதையும், அது அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஓரிடத்தில் உச்சம் பெற்று உடனே அடங்குவதையும் அவர் கண்டார். இதற்காக 1961-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சவ்வின் மீது வரிசையாக நிற்கும் மயிர்ச்செல்களே அசைவை மின்குறிப்பாக மாற்றுபவை. உள்வரிசையில் ஏறத்தாழ 3500 செல்களும், வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000 செல்களும் ஒவ்வொரு காதிலும் உள்ளன. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசையே. வெளிவரிசைச் செல்களின் பணி வேறு: அவை மின்னழுத்தத்துக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் சவ்வின் அசைவைப் பெருக்குகின்றன. இப்பண்பு 1985-ல் அறியப்பட்டது. பெகேசி கண்ட அலை அகன்று மழுங்கியிருந்தமைக்கு இதுவே காரணம்; இறந்த காதில் பெருக்கி இயங்குவதில்லை. உயிருள்ள காதில் அலையின் உச்சம் அதைவிட மிகக் கூர்மையானது.

இடமா, நேரமா?

சவ்வின் எந்த இடம் அசைகின்றது என்பதைக் கொண்டு மூளை சுருதியை அறிகின்றது என்பது இடக் கோட்பாடு எனப்படும். பியானோவின் எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று பார்த்துச் சுரத்தைச் சொல்வது போன்றது இது. எளிமையானது; ஆனால் ஒரு சிறு கணக்கு இதன் இடர்ப்பாட்டைக் காட்டும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள். 3500 உள்வரிசைச் செல்களை இவற்றுக்குப் பகிர்ந்தால் ஓர் ஸ்தாயிக்கு 350 செல்கள், ஓர் அரைச்சுரத்துக்கு 29 செல்கள். 1000 ஹெர்ட்ஸில் 2 ஹெர்ட்ஸ் வேறுபாடு என்பது அரைச்சுரத்தில் ஏறத்தாழ 29-ல் ஒரு பங்கு. அதாவது காது உணரும் மிகச் சிறிய வேறுபாடு, அலையின் உச்சத்தை ஒரே ஒரு செல்லின் அகலமே நகர்த்துகின்றது. அலையோ ஒரே நேரத்தில் பற்பல செல்களை அசைக்கின்றது. இடத்தை மட்டும் நம்பி இவ்வளவு நுட்பத்தை அடைவது எளிதன்று.

மாற்றுக் கருத்து நேரக் கோட்பாடு ஆகும். 200 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நரம்பு விநாடிக்கு 200 துடிப்புகளை அனுப்பினால், அத்துடிப்புகளின் இடைவெளியே சுருதியைச் சொல்லிவிடும். உடலியலாளர் வில்லியம் ரதர்போர்டு 1886-ல் இக்கருத்தை முன்வைத்தார். அணுவைப் பிளந்த ரதர்போர்டு இவரல்லர். இக்கோட்பாட்டின் குறை வெளிப்படையானது. ஒரு நரம்பிழையால் விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்க இயலாது. அவ்வாறாயின் 3000 ஹெர்ட்ஸ் எவ்வாறு கடத்தப்படும்?

அமெரிக்கரான எர்னஸ்ட் வீவர், சார்லஸ் பிரே ஆகிய இருவரும் 1930-ல் இதற்கு விடை கூறினர். ஒரே உரலில் மூன்று பெண்கள் மாறி மாறி உலக்கை போடும்போது, எவரும் தனியே குத்தக்கூடிய வேகத்தைவிட மும்மடங்கு வேகமாகக் குத்தோசை எழும். அதுபோலவே ஒரு நரம்பிழை எல்லா அலைகளுக்கும் துடிக்க வேண்டியதில்லை. சில அலைகளை விட்டுவிட்டுத் துடித்தாலும், துடிக்கும்போதெல்லாம் அலையின் ஒரே கட்டத்தில் துடித்தால் போதும். பல இழைகள் சேர்ந்து முழுக் கணக்கையும் தந்துவிடும். பூனையின் செவி நரம்பில் மின்முனை வைத்து, பக்கத்து அறையில் தொலைபேசிக் கேட்பியின் வழியே பேச்சைக் கேட்டதாக அவர்கள் அறிவித்த சோதனை அந்நாளில் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. அவர்கள் பதிவு செய்த மின்னழுத்தத்தில் பெரும்பகுதி நரம்பிலிருந்து அன்று, மயிர்ச்செல்களிலிருந்து வந்தது எனப் பின்னர் தெரியவந்தது. சான்று பிழைத்தாலும் கருத்து நிலைத்தது. தனி நரம்பிழைகளில் பிற்காலத்தில் செய்யப்பட்ட அளவீடுகள், துடிப்பு அலையின் கட்டத்தோடு பிணைந்திருப்பதை உறுதிப்படுத்தின. பூனை முதலிய விலங்குகளில் இப்பிணைப்பு ஏறத்தாழ 4000 முதல் 5000 ஹெர்ட்ஸ் அளவில் மறைந்துவிடுகின்றது. மெட்டை உணரும் திறன் முடியும் இடமும் அதுவே என்பது தற்செயல் அன்று எனப் பலர் கருதுகின்றனர். மனிதரின் செவி நரம்பில் இந்த எல்லை நேரடியாக அளக்கப்படாததால் விவாதம் தொடர்கின்றது.

இல்லாத அடிப்படை

இப்பொருளில் மிகவும் பயன் தந்த சான்று ஒரு சச்சரவிலிருந்து பிறந்தது. சச்சரவிட்டவர் இருவரின் பெயர்களும் மின்னியல் பாடத்தால் மாணவர்களுக்கு அறிமுகமானவை. ஒருவர், மின்தடை விதியைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம். மற்றவர், வெப்பமின் விளைவைக் கண்ட சீபெக்கின் மகனான ஆகஸ்ட் சீபெக்.

ஆகஸ்ட் சீபெக் 1841-ல் துளைகளிட்ட வட்டத்தகட்டைச் சுழற்றி, துளைகள் வழியே காற்றை ஊதி ஒலியெழுப்பினார். துளைகள் சம இடைவெளியில் இருந்தால் காற்று சீராக விட்டுவிட்டு வெளிவந்து ஒரு சுரத்தைத் தரும். பின்னர் ஒன்றுவிட்டு ஒரு துளையைச் சற்றே நகர்த்தி அமைத்தார். இப்போது ஒரே கோலம் திரும்ப வருவதற்கு இரு துளைகள் கடக்க வேண்டும். ஆகவே ஒரு ஸ்தாயி தாழ்ந்த சுரம் எழ வேண்டும், எழுந்தது. ஆனால் கணிதப்படி அத்தாழ்ந்த அதிர்வெண் அவ்வொலியில் மிகச் சிறிய அளவிலேயே இருந்தது. காதுக்கோ அது வலுவாகக் கேட்டது.

ஓம் 1843-ல் இதனை மறுத்தார். எந்த அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்னும் ஃபூரியேயின் தேற்றத்தைப் பயன்படுத்தி, ஒரு சுருதி கேட்க வேண்டுமானால் அதற்குரிய அதிர்வெண் ஒலியில் உண்மையாகவே இருத்தல் வேண்டும் என்றார். சீபெக்கின் காது அவரை ஏமாற்றியது என்பது ஓமின் முடிவு. ஒரு சுரத்தில் எது அடங்கும் என்பதைக் காதைத் தவிர வேறு எதனால் தீர்மானிப்பது என்ற பொருள்படச் சீபெக் திருப்பிக் கேட்டார். இன்று நோக்கும்போது இக்கேள்வியே சரியான இடத்தைத் தொட்டது எனலாம். ஆனால் சீபெக் 1849-லேயே இறந்துவிட்டார். பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் பெரும் செல்வாக்கோடு ஓமின் பக்கம் நின்றதால், அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் சீபெக்கின் கண்டுபிடிப்பு ஒதுக்கப்பட்டே கிடந்தது. உரத்த ஒலிகள் காதினுள் சிதைவுற்று, இல்லாத அதிர்வெண்ணை அங்கேயே உண்டாக்கிவிடுகின்றன என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் விளக்கம்.

தொலைபேசி இக்கேள்வியை மீண்டும் உயிர்ப்பித்தது. பழைய தரைவழித் தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே கடத்தின. வளர்ந்த ஆணின் பேச்சுக் குரலுக்கு அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. பெண் குரலுக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டியது. இரண்டுமே கம்பியில் செல்லவில்லை. ஆயினும் மறுமுனையில் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் மாறாமல் கேட்டது. அடிப்படை வராவிட்டாலும் 400, 500, 600, 700 என அதன் மடங்குகள் வந்துசேர்ந்தன. அவற்றுக்குப் பொதுவான 100-ஐக் காதும் மூளையும் சேர்ந்து மீட்டுக்கொண்டன.

காதினுள் நிகழும் சிதைவே இதற்குக் காரணம் என்ற விளக்கத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஸ்கௌட்டன் 1930-களின் இறுதியில் சோதித்தார். காதினுள் 200 ஹெர்ட்ஸ் சிதைவு தோன்றுமானால், எதிர்க்கட்டத்தில் மற்றொரு 200 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி அதனை அழித்துவிடலாம். அவர் அவ்வாறே அழித்தார். 200-க்குரிய சுருதி மறையவில்லை. அமெரிக்கரான ஜோசப் லிக்லைடர் 1954-ல் வேறு வழியைக் கையாண்டார். தாழ் அதிர்வெண் இரைச்சலைச் சேர்த்து, அடிப்படை கேட்க வேண்டிய பகுதியையே மூழ்கடித்தார். உண்மையான தாழ்சுரம் இரைச்சலில் மறைந்தது. இல்லாத அடிப்படை மறையவில்லை. இவருடைய பெயர் இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கணினி மாணவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் முதலில் செவிப்புலன் ஆய்வாளரே.

மூளை செய்வது எத்தகைய கணக்கு? 600, 800, 1000 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒலித்தால் 200 ஹெர்ட்ஸுக்குரிய சுருதி கேட்கும். இதனை அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு எனலாம். மீப்பெரு பொது வகுத்தி எனவும் கூறலாம். எது சரி என்பதற்கு ஸ்கௌட்டனும் உடன் பணியாற்றியோரும் 1962-ல் வெளியிட்ட சோதனை விடை தந்தது. 1800, 2000, 2200 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒலிக்கும்போது சுருதி 200. இம்மூன்றையும் 40 ஹெர்ட்ஸ் உயர்த்தி 1840, 2040, 2240 ஆக்கினால் வேறுபாடு 200 ஆகவே இருக்கின்றது. மீப்பெரு பொது வகுத்தியோ 40 ஆகிவிடுகின்றது. கேட்ட சுருதி 200-ம் அன்று, 40-ம் அன்று, ஏறத்தாழ 204. இந்த எண் எங்கிருந்து வந்தது? 204-ன் ஒன்பது, பத்து, பதினொன்றாம் மடங்குகள் முறையே 1836, 2040, 2244. வந்த அதிர்வெண்களோடு இவை நான்கு ஹெர்ட்ஸ் வேறுபாட்டுக்குள் பொருந்துகின்றன. துல்லியமாகப் பொருந்தும் விடை இல்லாதபோது, மிக நெருங்கிப் பொருந்தும் சீரிசை அடுக்கு உணரப்படுகின்றது. சில வேளைகளில் அடுத்த பொருத்தமான விடையும் சிலருக்குக் கேட்பதுண்டு.

இது காதிலா, மூளையிலா? ஹௌட்ஸ்மா, கோல்ட்ஸ்டைன் ஆகியோர் 1972-ல் அடுத்தடுத்த இரண்டு சீரிசைகளுள் ஒன்றை இடக்காதிலும் மற்றதை வலக்காதிலும் செலுத்தினர். எந்த ஒரு காதிலும் மெட்டு இல்லை. ஒவ்வொரு காதுக்கும் கிடைத்தது ஒரே ஒரு தனிச்சுரம். ஆயினும் இசைப் பயிற்சி உடைய கேட்போர் இல்லாத அடிப்படையால் அமைந்த இடைவெளிகளை அடையாளம் கண்டனர். இரு காதுகளின் செய்தியும் முதலில் சந்திப்பது மூளைத் தண்டில். எனவே சுருதியை இறுதியாக உருவாக்கும் பணி காக்ளியாவுக்கு அப்பால் நிகழ்ந்தாக வேண்டும்.

இவற்றுள் சிலவற்றை ஒலியெழுப்பும் மென்பொருள் உள்ள எந்தக் கணினியிலும் சோதிக்கலாம். 600, 800, 1000 ஹெர்ட்ஸ் சைன் அலைகளை ஒவ்வொன்றாக இசைத்துப் பின்னர் மூன்றையும் சேர்த்து இசைத்தால், மூன்றைவிடவும் தாழ்ந்த ஒரு சுரம் எழுவதைக் கேட்கலாம். உடனடியாக எல்லோருக்கும் கேட்பதில்லை. 750, 1000, 1250 என்னும் தொகுதியோடு மாற்றி மாற்றி இசைத்தால் தாழ்சுரம் 200-லிருந்து 250-க்கு ஏறுவது எளிதில் புலப்படும்.

மூளையில்

செவி நரம்பின் ஏறத்தாழ 30,000 இழைகள் கொண்டுவரும் செய்தி மூளைத் தண்டு, நடுமூளை, தலாமசு வழியாகப் பெருமூளையின் செவிப்புலப் புறணியை அடைகின்றது. வழியெங்கும் தாழ் அதிர்வெண் முதல் உயர் அதிர்வெண் வரையான இட வரிசை காக்கப்படுகின்றது. ஆனால் அலையின் கட்டத்தோடு பிணைந்து துடிக்கும் ஆற்றல் மேலே செல்லச் செல்லக் குறைகின்றது. நேரத்தில் எழுதப்பட்ட செய்தி எங்கோ ஓரிடத்தில் வேறு வடிவுக்கு மாற்றப்படுகின்றது என்பது இதன் பொருள்.

பெண்டோர், வாங் ஆகிய இருவரும் மார்மோசெட் என்னும் சிறு குரங்குகளின் புறணியில் 2005-ல் ஒரு வகை நரம்புச்செல்களைக் கண்டறிந்தனர். ஒரு குறிப்பிட்ட தனிச்சுரத்துக்குத் துடிக்கும் அச்செல்கள், அச்சுரம் இல்லாமல் அதன் மேல் சீரிசைகள் மட்டும் ஒலித்தபோதும் துடித்தன. மனிதரிலும் செவிப்புலப் புறணியின் பக்கவாட்டுப் பகுதி சுருதியுடைய ஒலிகளுக்குத் தனித்துத் துலங்குவதை மூளைப் படப்பிடிப்புகள் காட்டியுள்ளன. இத்திறன் இசைக்கல்வியால் வருவதன்று. ஏழு மாதக் குழந்தைகளும் இல்லாத அடிப்படையை உணர்வது சோதனைகளால் தெரியவந்துள்ளது.

மிருதங்கமும் தம்புராவும்

சீரிசைகள் முழு எண் விகிதத்தில் அமையாத ஒலிகளுக்குத் திட்டமான சுருதி இராது. வட்டத் தோல் ஒன்றின் இயல்பான அதிர்வெண்கள் அவ்வாறு ஒழுங்கற்றவை. ஆகவே உலகின் பெரும்பாலான தோற்கருவிகள் ஓசை தருமேயன்றிச் சுரம் தருவதில்லை. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு. சந்திரசேகர வெங்கட ராமன் 1920-ல் நேச்சர் இதழில் உடனாய்வாளருடன் எழுதிய குறிப்பிலும், 1934-ல் எழுதிய விரிவான கட்டுரையிலும் இதன் காரணத்தை விளக்கினார். வலந்தலையின் நடுவே இடப்படும் கருமையான கரணை தோலின் எடையை நடுவில் கூட்டி, ஒழுங்கற்ற அதிர்வெண்களை இழுத்து வரிசைப்படுத்துகின்றது. தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சீரிசைகளாகத் திரண்டு நிற்பதை அவர் காட்டினார். மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்க்க முடிவது இதனால்தான். சமன்பாடு எதுவும் இல்லாமல், காதை மட்டுமே துணைகொண்டு கைவினைஞர் கரணையின் அளவைக் கண்டடைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தம்புராவில் நோக்கம் வேறு. அதன் அகன்ற குதிரையின் மீது தந்திக்கு அடியில் செருகப்படும் ஜீவாளி நூல், தந்தி குதிரையை விட்டுவிட்டுத் தொடும்படி செய்து மேல் சீரிசைகளை மிகுவிக்கின்றது. ராமன் 1921-ல் வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரையை ஆராய்ந்தபோது, மேலைக் கோட்பாட்டின்படி எழவே கூடாத சீரிசைகளும் அவற்றில் எழுவதைப் பதிவு செய்தார். இவ்வாறு செறிந்த சீரிசை அடுக்கிலிருந்து மூளை அடிப்படையைப் பல வழிகளில் உறுதிப்படுத்திக்கொள்ள இயல்வதால், பாடகருக்குச் சுருதி சிறிதும் ஐயமின்றிக் கிட்டுகின்றது.

தனிச்சுருதி அறிதல்

பெரும்பாலோர் சுருதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே அறிகின்றனர். ஒரே பாடலை ஆண் பாடகர் ஒரு கட்டையிலும் பெண் பாடகர் ஐந்தரைக் கட்டையிலும் பாடினாலும் அது அதே பாடல்தான். ஒப்பீடு இன்றியே ஒரு சுரத்தின் பெயரைச் சொல்லக்கூடியோர் மிகச் சிலர். இளமையிலேயே இசை கற்கத் தொடங்கியோரிடமும், சீனம் போன்ற தொனிமொழி பேசுவோரிடமும் இத்திறன் கூடுதலாகக் காணப்படுகின்றது. இத்திறன் உடையோர் அளவுகோல் போலப் பயன்படுவதால், மற்றவர் கவனிக்கத் தவறும் மாற்றங்கள் அவர்கள் வழியே வெளிப்பட்டுள்ளன. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் என்னும் மருந்து, கேட்கும் சுருதியை ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்த்திவிடுவது இத்தகைய இசைக்கலைஞர்களால் அறியப்பட்டது. மருந்தை நிறுத்தியதும் சுருதி பழைய நிலைக்குத் திரும்புவதாக மருத்துவக் குறிப்புகள் கூறுகின்றன. ஒலியலையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே உலகின் சுருதி முழுவதும் இறங்கிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கேட்டல் குறைபாடும் காக்ளியர் பதியமும்

மயிர்ச்செல்கள் பாலூட்டிகளில் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதுமையாலும் பேரிரைச்சலாலும் முதலில் அழிபவை தொடக்கப் பகுதியில் உள்ளவை. ஆகையால் உயர் அதிர்வெண்களே முதலில் கேளாமற் போகின்றன. வெளிவரிசைச் செல்கள் கெடும்போது ஒலி சன்னமாவதோடு, அருகருகே உள்ள அதிர்வெண்களைப் பிரித்தறியும் கூர்மையும் மழுங்குகின்றது. காது கேட்பொறி ஒலியைப் பெருக்கித் தரும். இழந்த கூர்மையைத் திருப்பித் தராது. ஒரு காது மட்டும் பாதிக்கப்பட்டோருக்கு ஒரே சுரம் இரு காதுகளிலும் இரு வேறு சுருதிகளாகக் கேட்பதும் உண்டு.

செவி நரம்பு இயங்கியும் மயிர்ச்செல்கள் பெரும்பாலும் இல்லாதோருக்குக் காக்ளியர் பதியம் பொருத்தப்படுகின்றது. ஒலிவாங்கி பெறும் ஒலி பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மின்முனையாகக் காக்ளியாவினுள் நுழைக்கப்பட்ட கம்பியின் வழியே நரம்பு நேரடியாகத் தூண்டப்படுகின்றது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் குழந்தைகளுக்கு இவ்வறுவை மருத்துவம் செய்யப்படுகின்றது. பிறவியிலேயே கேளாத குழந்தைகள் பேசக் கற்பதற்கு இக்கருவி வழிவகுத்துள்ளது. புலன் ஒன்றுக்கு மாற்றாக மனிதர் செய்த கருவிகளுள் இதுவே மிகுந்த வெற்றி பெற்றது எனலாம்.

ஆனால் சுருதியைப் பொறுத்தவரை இக்கருவி தருவது மிகக் குறைவு. 3500 செல்கள் இருந்த இடத்தில் 12 முதல் 22 மின்முனைகளே உள்ளன. அவற்றின் மின்னோட்டமும் உப்புத் திரவத்தில் பரவி அயல் நரம்புகளையும் தூண்டுவதால் இடச் செய்தி கலங்கிவிடுகின்றது. கம்பி பெரும்பாலும் சுருளின் உச்சி வரை செல்வதில்லை. நேரச் செய்தியும் இழக்கப்படுகின்றது. பெரும்பாலான கருவிகள் மாறாத வேகத்தில் துடிப்புகளை அனுப்பி அவற்றின் வலிமையை மட்டுமே மாற்றுகின்றன. துடிப்பு வேகத்தை மாற்றிப் பார்த்த சோதனைகளிலும், ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலோர் சுருதி ஏற்றத்தை உணரவில்லை. இடம், நேரம் என்னும் இரு வழிகளும் ஒரே சமயத்தில் அடைபடுகின்றன.

அமைதியான அறையில் பேச்சைப் புரிந்துகொள்ள இது தடையாவதில்லை. நான்கே அதிர்வெண் பட்டைகளாகச் சுருக்கப்பட்ட பேச்சையும் இயல்பான காதுடையோர் பெருமளவு புரிந்துகொள்வதை 1995-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இடர்ப்பாடு பிற இடங்களில் தோன்றுகின்றது. சொற்களும் தாளமும் நீக்கப்பட்டால், நன்கு தெரிந்த பாடலின் மெட்டும் பதியம் பொருத்தியோர் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. ஒரே அசை தொனி மாற்றத்தால் வெவ்வேறு பொருள் தரும் சீன மொழியில், சொற்களைப் பிரித்தறிவதே கடினமாகின்றது. தமிழ் தொனிமொழி அன்று. எனினும் கேலியா கோபமா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கமே பெரும்பாலும் உணர்த்துகின்றது. இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது குரல்களைப் பிரிக்க மூளை சுருதி வேறுபாட்டையே கைக்கொள்வதால், சந்தை, வகுப்பறை போன்ற இரைச்சல் மிக்க இடங்களில் இவர்கள் மிகவும் இடர்ப்படுகின்றனர்.

மற்றொரு காதில் தாழ் அதிர்வெண் கேட்டல் சிறிதேனும் எஞ்சியிருப்போருக்கு, அக்காதில் வழக்கமான கேட்பொறியையும் சேர்த்து அணிவிப்பது பயனளிக்கின்றது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கேட்கும் அத்தகைய காது தனியே ஒரு சொல்லையும் புரியவைக்காது. ஆனால் பேசுபவரின் அடிப்படை அதிர்வெண்ணையும் முதல் ஓரிரு சீரிசைகளையும் அது தருகின்றது. பதியம் தரும் சொற்களோடு அது சேரும்போது மெட்டை அறிவதும் இரைச்சலில் பேச்சைப் பின்தொடர்வதும் குறிப்பிடத்தக்க அளவு மேம்படுகின்றன.